ஜெரமி லின் எவ்வளவு பெறுவார்?



ஒரு மனிதரைக் குறித்து, "இவர் எவ்வளவு பெறுவார்?" என்று நாம் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். சந்தையில் மாட்டைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அது. மனிதரைப் பார்த்தும் கேட்கிறோம் என்பதில் நமக்குக் கூச்சமில்லை. இவ்வாரம் அந்தக் கேள்வியை ஒரு கூடைப்பந்து வீரரை முன்வைத்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். போதகர் விளையாட்டைப் பற்றி எழுதுவதா என்று மூத்தவர்கள் சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள்.

கூடைப்பந்தில் ஐவர் களத்தில் இறங்குவர். அவர்களில் பந்தை முதலில் கையில் வாங்கி, எதிரணியின் பாதிக்குக் கொண்டுசென்று, யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிப்பவரைப் 'பாயிண்ட் கார்டு' என்பார்கள். பெரும்பாலும் அணியில் உயரம் குறைந்தவர் அவரே. பந்தைக் கூடையில் போடுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். போடத்தக்க இடத்தில் அவர் நிற்கும் அந்த நொடியில் பந்தை அவர் கையில் சேர்த்தவருக்குப் புள்ளிவிவரப் பட்டியலில் ஒரு 'அசிஸ்ட்' கிடைக்கும். அவர் நல்ல பந்தைக் கொடுத்தும் மற்றவர் தவறவிட்டால் அந்த அசிஸ்டும் கிடையாது. ஆகவே ஓர் அணியின் பாயிண்ட் கார்டு எத்தகையவர் என்பதில் இரசிகர்கள் ஒருபோதும் ஒத்துப்போவதில்லை. அவருடைய வேலையில் பாதி மற்றவர்களுடைய பெயரில் எழுதப்பட்டிருக்கிறது.

2012ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் இந்த வாக்குவாதம் ஒரு தனி மனிதரைச் சுற்றி எழுந்தது. அவர் ஜெரமி லின். தைவானிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோருக்குக் கலிபோர்னியாவில் பிறந்தவர். 2006இல் தம் உயர்நிலைப் பள்ளி அணியை மாநிலப் பட்டம் வரை நடத்திச் சென்றார். அப்படியிருந்தும் எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அவருக்கு விளையாட்டு உதவித்தொகை தர முன்வரவில்லை. ஹார்வர்டில் பொருளாதாரம் படித்துக்கொண்டே விளையாடினார். 2010இல் தேசிய கூடைப்பந்துச் சங்கத்தின் அணிகள் புதிய வீரர்களைத் தெரிவுசெய்த நாளில் அவர் பெயர் வாசிக்கப்படவேயில்லை. பின்னர் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி அவரைச் சேர்த்து, 2011 டிசம்பரில் விடுவித்தது. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி எடுத்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடுவித்தது. சில நாட்களில் நியூயார்க் நிக்ஸ் அணி, காயம்பட்ட ஒருவருடைய இடத்தை நிரப்ப அவரை எடுத்துக்கொண்டது. வேலை நிலைக்குமா என்று தெரியாததால் அவர் வீடு பிடிக்கவில்லை. தம் அண்ணன் வீட்டு சோபாவிலும் சக வீரர் ஒருவர் வீட்டு சோபாவிலும் படுத்துறங்கினார்.

பிப்ரவரி 4 வரை நிக்ஸ் அணி 8 ஆட்டங்களில் வென்று 15இல் தோற்றிருந்தது. அன்றிரவு, வேறு வழியின்றிப் பயிற்சியாளர் மைக் டி'ஆண்டனி லின்னைக் களத்தில் இறக்கினார். 25 புள்ளிகள், 7 அசிஸ்ட்கள். அடுத்த ஆட்டத்தில் முதன்முறையாகத் தொடக்க ஐவரில் ஒருவராக நின்றார்; 28 புள்ளிகள். பிப்ரவரி 10 அன்று லேக்கர்ஸ் அணி மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கிற்கு வந்தது. முந்தின இரவில் கோபி பிரையண்ட், இவர் அப்படி என்னதான் செய்துவிட்டார் என்பதுபோல் செய்தியாளர்களிடம் வியந்திருந்தார். அவருக்கு முன்பாகவே லின் 38 புள்ளிகள் எடுத்தார். நான்கு நாட்கள் கழித்து டொராண்டோவில், ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மீதமிருக்கையில் தொலைவிலிருந்து எறிந்து அணியை வெல்லச் செய்தார். தொடக்க வீரராக அவர் ஆடிய முதல் 5 ஆட்டங்களில் 136 புள்ளிகள். 1970களில் இரு சங்கங்கள் ஒன்றாக இணைந்த பின்பு எந்த வீரரும் முதல் ஐந்து தொடக்கங்களில் அத்தனை எடுத்ததில்லை. தொடர்ந்து 7 வெற்றிகள். அணியின் பெருநட்சத்திரம் கார்மெலோ ஆண்டனி காயத்தாலும், அமாரே ஸ்டவுட்மையர் தம் சகோதரரின் மரணத்தாலும் பல ஆட்டங்களில் இல்லாதிருந்த நாட்கள் அவை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

அதன்பின் தோல்விகளும் வந்தன. நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக 9 முறை பந்தைப் பறிகொடுத்தார். மயாமி ஹீட் அணி அவரை நெருக்கிப் பிடித்தது. 11 முறை எறிந்து ஒன்றுதான் உள்ளே போனது. மார்ச் நடுவில் டி'ஆண்டனி பதவி விலகினார். மாதக் கடைசியில் லின்னுக்கு முழங்காலில் காயம், அறுவை சிகிச்சை. அந்தப் பருவத்தில் அவர் ஆடியது 35 ஆட்டங்கள், அவற்றுள் தொடக்க வீரராக 25. சராசரி 14.6 புள்ளிகள், 6.2 அசிஸ்ட்கள்.

கோடையில் கணக்குப் பார்க்கும் நேரம் வந்தது. ஹூஸ்டன் அணி மூன்று ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 2.5 கோடி டாலர் தர முன்வந்தது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் வீதம். மூன்றாம் ஆண்டில் மட்டும் 1.49 கோடி. இது தற்செயலான ஏற்பாடன்று. நிக்ஸ் அணி அதே தொகையைக் கொடுத்தால் லின்னைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஆனால் அந்த மூன்றாம் ஆண்டில் ஆண்டனி, ஸ்டவுட்மையர், டைசன் சாண்ட்லர் மூவருடைய பெருஞ்சம்பளங்களும் நிலுவையில் இருக்கும். உச்சவரம்பைத் தாண்டிய அணிகள் செலுத்த வேண்டிய வரியும் அதற்குள் கடுமையாக்கப்பட்டிருக்கும். அவர்கள் விழுங்கத் தயங்கட்டும் என்றே அந்த மாத்திரை உருட்டப்பட்டது. ஜூலை 17 அன்று நிக்ஸ் அணி தயங்கியது. லின் ஹூஸ்டனுக்குப் போனார்.

நகரம் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. எனக்கு ஆட்டத்தைவிட அந்த வாதங்களே அதிகம் கற்றுத்தந்தன.

ஒரு பக்கத்தார் சொன்னார்கள்: இருபத்தைந்தே ஆட்டங்களை வைத்து ஒருவருக்கு இவ்வளவு கொடுப்பது பேதைமை. அவர் இடப்புறம் போகத் திணறுகிறார், எதிரணிகள் அதைக் கண்டுபிடித்துவிட்டன. அவரைப் பெரியவராக்கியது டி'ஆண்டனியின் ஆட்டமுறை. அந்த முறையில் யார் பாயிண்ட் கார்டாக நின்றாலும் எண்கள் ஏறும். ஆண்டனி திரும்பி வந்தபின் பந்து இருவர் கைகளில் இருக்க முடியவில்லை. புதிய பயிற்சியாளர் மைக் வுட்சனின் கீழ் அணி 18 வென்று 6 மட்டுமே தோற்றது. அவற்றில் பல லின் இல்லாமல் வென்றவை.

மற்றப் பக்கத்தார் சொன்னார்கள்: பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களையும் அவர் ஆட்டக்காரர்களாக்கினார். கட்டண மோதலால் ஜனவரி முதல் நகரின் பல வீடுகளில் நிக்ஸ் ஆட்டங்கள் தெரியாமல் இருந்தன. அந்த மோதல் பிப்ரவரி நடுவில் திடீரென்று தீர்ந்ததற்கு அவரும் ஒரு காரணம். அவர் பெயர் பொறித்த உடைகள் உலகெங்கும் விற்கின்றன. (இந்தக் கடைசி வாதம் வலுவற்றது. உடை விற்பனையின் வருவாய் பெரும்பாலும் 30 அணிகளுக்கும் பொதுவில் பிரிக்கப்படுகிறது. அன்பினால் வாதாடுகிறவர்கள் கணக்கைச் சரிபார்ப்பதில்லை.)

இதில் எவர் சரி? கேள்வியை அப்படியே விட்டு நழுவுவது நேர்மையன்று. என் கருத்தைச் சொல்கிறேன். விலையைக் குறித்த வாதத்தில் நிக்ஸ் நிர்வாகம் தவறிழைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த பருவத்தில் லின்னுடைய இடத்தில் ரேமண்ட் ஃபெல்டன் ஆடினார், 13.9 புள்ளிகள், 5.5 அசிஸ்ட்கள். ஹூஸ்டனில் 82 ஆட்டங்களையும் தொடக்க வீரராக ஆடிய லின்னுக்கு 13.4 புள்ளிகள், 6.1 அசிஸ்ட்கள். ஃபெல்டனின் ஒப்பந்தம் லின்னுடையதைவிட மிகக் குறைந்தது. நிக்ஸ் அணி 54 ஆட்டங்களில் வென்று, 2000க்குப் பின் முதன்முறையாக ஒரு பிளேஆஃப் சுற்றையும் கடந்தது. கணக்குப்பிள்ளையின் மேசையில் இதற்கு மறுமொழி இல்லை.

ஆயினும் அவருக்காக அழுத இரசிகர்களை நான் பேதைகள் என்று சொல்லமாட்டேன். அவர்கள் வேறொன்றைக் குறித்துப் பேசினார்கள். அதைச் சொல்ல அவர்களிடம் இருந்த மொழியோ டாலரும் புள்ளிகளும்தான்.

அந்த 9 முறை பறிகொடுத்த பந்துகளை மீண்டும் பாருங்கள். அவரைக் குறைத்து மதித்தவர்கள் எப்போதும் அதைத்தான் எடுத்துக்காட்டினார்கள். பறிகொடுக்க வேண்டுமானால் பந்து முதலில் கையில் இருக்க வேண்டும். ஓரத்தில் நின்று பந்துக்காகக் காத்திருப்பவர் ஆட்டம் முழுவதும் ஒருமுறைகூடப் பறிகொடாமல், தூய்மையான பட்டியலோடு வீடு திரும்பலாம். மயாமியில் நான்கு கைகள் நெருக்கும்போது பந்தை ஏந்தி நின்றவர் ஒருவரே. லின் தவறே செய்யவில்லை என்று நான் வாதிடவில்லை. அவர் வேகமாகவும் துணிச்சலாகவும் ஆடியதால் உண்மையிலேயே தேவைக்கு மிஞ்சித் தவறினார். ஆனால் தவறுகளை எண்ணும்போது சுமையையும் எண்ண வேண்டும். சபைகளிலும் நான் இதைக் கண்டிருக்கிறேன். ஆண்டுக் கூட்டத்தில் கேள்விகளால் துளைக்கப்படுகிறவர் பொருளாளர்; எந்தப் பொறுப்பும் ஏற்காதவரே மிகக் கூர்மையாகக் கேட்கிறவர்.

முழங்கால் காயத்தைக் குறித்தும் ஒரு பழி எழுந்தது. பிளேஆஃப் சுற்றில் மயாமியிடம் அணி தோற்றுக்கொண்டிருந்தபோது, தம் கால் 85 விழுக்காடு தேறியிருக்கிறது, இன்னும் ஆடமுடியாது என்று அவர் சொன்னார். உண்மையைச் சொன்னதே குற்றமாயிற்று. ஒப்பந்தத்திற்காகத் தம்மைக் காத்துக்கொள்கிறார் என்றார்கள். அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த நாட்களில் அவருடைய ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 8 இலட்சம் டாலர். அந்தச் சங்கத்தின் அளவுகோலில் அது அடிமட்டம். அவரைவிடப் பல மடங்கு பெற்றவர்களுடைய முழங்கால்களைக் குறித்து எவரும் விழுக்காட்டுக் கணக்குக் கேட்கவில்லை.

சக வீரர்களும் வாய்திறந்தார்கள். அந்த ஒப்பந்தம் நகைப்புக்குரியது என்ற பொருளில் ஆண்டனி பேசினார். நீண்டகாலம் உழைத்தவர்கள் இதனால் மனம் வருந்தக்கூடும் என்று இன்னொருவர் குறிப்பாகச் சொன்னார். பதினோராம் மணி நேரத்தில் திராட்சத்தோட்டத்திற்கு வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுக்கப்பட்டபோது முறுமுறுத்தவர்களை நீங்கள் அறிவீர்கள். அந்த உவமையை நாம் வாசிக்கும்போது எப்போதும் கடைசியாய் வந்தவனோடு நம்மை நிறுத்திக்கொள்கிறோம். காலையிலிருந்து வெயிலைச் சுமந்தவர்களுடைய முறுமுறுப்பில் நியாயமே இல்லை என்று நான் பிரசங்கித்ததில்லை. அது இருக்கிறது. அதனால்தான் அந்த உவமை இன்றுவரை உறுத்துகிறது.

இப்போது, எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிற பகுதிக்கு வருகிறேன். லின் திறமையுள்ளவர் என்று 2010இலேயே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அது மனிதரல்ல, கணிப்பு மாதிரி. ஹூஸ்டன் அணியின் அப்போதைய பொது மேலாளர் டேரில் மோரி புள்ளிவிவரங்களை நம்புகிறவர் என்று பெயர்பெற்றவர். அவருடைய அலுவலகத்தின் கணினி மாதிரி, லின் முதல் சுற்றிலேயே எடுக்கத்தக்கவர் என்று காட்டியது. திறனாய்வாளர்கள் நேரில் பார்த்தார்கள். உடல்வலிமை போதாது, வேகம் போதாது என்றார்கள். மோரி கண்களை நம்பினார். பின்னர் வீரர்களின் வேகத்தை அளக்கும் முறைகள் வந்தபோது, முதல் இரண்டு எட்டுகளில் லின் பாயும் வேகம் மிகப்பெரும்பாலான வீரர்களுடையதைவிட அதிகம் என்று தெரிந்தது. அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருந்த வேகம் அது, ஒருவருக்கும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதை மோரியே ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்: அவர் ஆசிய முகம் உள்ளவர் என்பதே காரணம். 2012 பிப்ரவரியில், அவரை வைத்திருக்க வேண்டும், இவ்வளவு நல்லவர் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்லுகிறவர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்ற பொருளில் அவர் வெளிப்படையாக எழுதினார். தம் பிழையை இவ்வளவு நேராக அறிக்கையிடுகிற அதிகாரியை நான் அதிகம் கண்டதில்லை.

இதை நான் வாசித்தபோது ஈசாயின் வீடு நினைவுக்கு வந்தது. எலியாபின் உயரத்தைப் பார்த்து, இவனே என்று எண்ணியவர் சாதாரண மனிதரல்லர், சாமுவேல் தீர்க்கதரிசி. கடைசி மகனை அழைக்கவேண்டும் என்றுகூட அந்தத் தகப்பனுக்குத் தோன்றவில்லை. பிரியமானவர்களே, பார்வையுள்ளவர்களே பார்க்கத் தவறுகிறார்கள். ஒரு வாலிபன் பாடத்தக்கவன், ஒரு சகோதரி வழிநடத்தத்தக்கவள் என்பதை எத்தனை முறை முகத்தையும் குடும்பப்பெயரையும் பார்த்து முடிவுசெய்திருக்கிறோம்? நான் செய்திருக்கிறேன். ஒருமுறை, ஆலயத்தில் விளக்கும் ஒலிபெருக்கியும் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன் வேதபாடம் எடுக்க விரும்பிக் கேட்டான். நான் சிரித்துக்கொண்டே தள்ளிப்போட்டேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், வேறோர் ஊரில் அவன் நடத்திய வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவன் என்னைக் கண்டு மகிழ்ந்தான். எனக்கோ தலைநிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

விசுவாசிகளாகிய நம்மைக் குறித்தும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். லின் தம் விசுவாசத்தை மறைக்காதவர். ஒருநாள் போதகராக வேண்டும் என்ற விருப்பத்தையும் சொல்லியிருக்கிறார். ஆகவே அந்த ஏழு வெற்றிகளின் நாட்களில் உலகெங்கும் சபைகள் அவரைப் பிரசங்க உதாரணமாக்கின. தேவன் உயர்த்தினார் என்றோம். மயாமியில் அவர் தடுமாறிய இரவிலும், பின்னர் ஹூஸ்டனில் தொடக்க இடத்தை இழந்தபோதும், அணிவிட்டு அணி மாறியபோதும், 2017இல் புரூக்ளினுக்காகப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநாண் அறுந்து அழுதபோதும், நம் பிரசங்கங்களில் அவர் காணப்படவில்லை. விளம்பரப் பலகையில் ஒட்டி, மழை வந்ததும் கிழித்துவிட்டோம். ஒருவருடைய வெற்றியை நம் விசுவாசத்திற்குச் சான்றாகக் காட்டினால், அவருடைய தோல்வி எதற்குச் சான்று என்ற கேள்விக்கும் நாம் மறுமொழி வைத்திருக்க வேண்டும். இரசிகர்கள் அவரை டாலரால் நிறுத்தார்கள். நாம் அவரைச் சாட்சியின் பயன்பாட்டால் நிறுத்தோம். தராசு வேறு; நிறுக்கப்பட்டவர் ஒருவரே.

2019இல் அவர் டொராண்டோ ராப்டர்ஸ் அணியில் இருந்தார். அந்த அணி சங்கத்தின் மகுடத்தை வென்றது. இறுதிச்சுற்றில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நிமிட ஆட்டம். அடுத்த மாதம் தைவானில் ஒரு கிறிஸ்தவத் தொலைக்காட்சி மேடையில் நின்று பேசும்போது அவர் அழுதார். அடித்தளத்தைத் தொட்டபின் மேலே ஏறுவதுதான் மீதம் என்பார்கள், தமக்கோ அடித்தளம் மேலும் மேலும் கீழே போகிறது என்ற பொருளில் சொன்னார். சங்கம் தம்மைக் கைவிட்டதுபோல் உணர்வதாகச் சொன்னார். வெற்றியாளராகப் புன்னகைத்து ஊர் ஊராகப் பேச வேண்டியிருந்த அந்த மகுடத்தை, தாம் உண்மையில் சம்பாதித்ததாகத் தோன்றவில்லை என்றும் சொன்னார். அந்தப் பதிவை நான் முழுவதும் கேட்டேன். எழுபது கோடி முறை சொல்லப்பட்ட வெற்றிக் கதைகளைவிட அந்தச் சில நிமிடங்கள் எனக்கு மெய்யான சாட்சியாகப் பட்டன. மேடையில் நிற்கும் ஒரு விசுவாசி, இன்னும் தீராத ஒரு துயரத்தைத் தீர்ந்ததுபோல் காட்டாமல் பேசினார்.

அதன்பின் அவர் பெய்ஜிங்கில் ஆடினார். பெரிய சங்கத்திற்குத் திரும்பும் நம்பிக்கையோடு, அதற்குக் கீழ்நிலையிலுள்ள போட்டியில் சாண்டா குரூஸ் அணிக்காக ஆடினார், அழைப்பு வரவில்லை. பிறகு தைவான். அங்கே நியூ தைபே கிங்ஸ் அணியில் தம் இளைய சகோதரர் ஜோசப்போடு ஒரே களத்தில் ஆடினார். 2025இல் ஓய்வை அறிவித்தார். அவர் போனது நல்லதா கெட்டதா என்று நியூயார்க்கில் இன்றும் சிலர் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நியூ தைபேயில் பந்து அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்குப் போனது. அது உள்ளே விழுந்தபோதெல்லாம் பட்டியலில் அண்ணன் பெயருக்கு நேராக ஓர் அசிஸ்ட் எழுதப்பட்டது.